வடக்கே போகும் வழியில்

வியாழன், ஆதிச்சநல்லூர்

திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறி ‘ஆதிச்சநல்லூர் ரெண்டு’ என்று கேட்டால் கண்டக்டர் ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கிறார். அங்கே இறங்குகிறவர்கள் ஒன்று ஊர்க்காரர்கள், இல்லையென்றால் செத்தவர்களை வைத்துப் புதைத்த பழைய தாழிகளைப் பார்க்க வந்தவர்கள்.

கூட வருவது என் தாய்மாமா. உழைத்த காலம் முழுக்க எல்.ஐ.சி. ஏஜெண்ட். சாவைப் பற்றி நம் ஆட்கள் யோசித்த இடங்களைத் தெற்கிலிருந்து வடக்காகப் பார்த்துக்கொண்டே போகப்போகிறேன் என்றதும், “என் பொழப்பே அதானடே” என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். தத்துவம் என்றால் அவருக்குக் கொட்டாவி வரும். பஸ்ஸில் ஏறியதுமே தன் தத்துவத்தைச் சொல்லி முடித்தும்விட்டார்: “நீ எப்ப போவன்னு எவனுக்கும் தெரியாது. ஒன் வயசுக்காரன் லட்சம் பேருல இந்த வருசம் எத்தனை பேரு போவான்னு கம்பெனிக்குத் தெரியும். அதுக்கு மேல தெரிஞ்சுக்கிட என்ன இருக்கு?”

செய்துங்கநல்லூர், கருங்குளம் தாண்டினால் ரோட்டை ஒட்டியே பரம்பு. தாமிரபரணியின் தென்கரையில் வயலுக்கு ஆகாத கல்மேடு. நல்ல மண்ணை உயிரோடிருக்கிறவர்களுக்கு விட்டுவிட்டு, செத்தவர்களுக்கு இந்தக் கெட்டித் தரையை வெட்டிக் குழி எடுத்திருக்கிறார்கள். உழைப்பு எந்தப் பக்கம் அதிகம் என்று பாருங்கள். 1876-இல் யாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். பிறகு அலெக்சாண்டர் ரீ, 1899 முதல் 1905 வரை. அவர் எடுத்த தங்கப் பட்டங்களும் இரும்பு வாள்களும் வெண்கல நாயும் எருமையும் சேவலும் எழும்பூர் மியூசியத்துக்குப் போயின. 2004-ஐ ஒட்டித் தொல்லியல் துறை மறுபடி தோண்டியபோது நூற்றுக்கும் மேலே தாழிகள் கிடைத்தன. அவற்றில் ஒரு தாழித் துண்டில் ஒரு பெண், ஒரு நாரை, ஒரு முதலை, ஒரு மான், நெற்கதிர் என்று புடைப்பாக ஒட்டியிருந்தார்கள். சாவைக் காட்டும் எதுவும் அதில் இல்லை. ஆற்றங்கரையில் தினம் பார்ப்பதை அப்படியே வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

2023-இல் இங்கேயே மியூசியம் திறந்தார்கள். குழியை மூடாமல், தாழிகளை இருந்த இடத்திலேயே விட்டு, மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். அதன்மேல் நின்று காலுக்குக் கீழே பார்க்க வேண்டும். சில தாழிகளில் ஆளையே குந்தவைத்த நிலையில் இறக்கியிருக்கிறார்கள். சிலவற்றில் எலும்புகளை மட்டும் பொறுக்கி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் சின்னச் சின்னக் கலயங்கள். சாப்பாடு வைத்திருப்பார்கள் என்பது பார்த்தாலே புரிகிறது.

எங்கள் பக்கம் முதுமக்கள் தாழிக்கு ஒரு கதை உண்டு. அந்தக் காலத்தில் மனுசருக்குச் சாவே வராதாம். வயசாக வயசாக உடம்பு சுருங்கிக்கொண்டே போய், கடைசியில் விளக்கு வைக்கிற மாடக்குழியில் தூக்கி உட்காரவைக்கிற அளவுக்கு ஆகிவிடுவார்களாம். பார்க்கப் பொறுக்காமல் பிள்ளைகள் ஒரு பானையில் சோறும் தண்ணியும் விளக்கும் வைத்து உள்ளே இறக்கிவிடுவார்களாம். சின்ன வயதில் கேட்டபோது வேடிக்கையாக இருந்தது. விருதுநகர், மதுரைப் பக்கத்துத் தலைக்கூத்தல் பற்றித் தெரிந்த பிறகு வேடிக்கையாக இல்லை. எண்ணெய் தேய்த்து, தலைக்கு ஊற்றி, இளநீர் கொடுத்துக் கிழடுகளை அனுப்பிவைக்கிற வழக்கம் அது. கதையில் சாக மறுக்கிறவர்கள் பெரியவர்கள். அனுப்புகிறவர்கள் பிள்ளைகள். கதை யார் பக்கத்திலிருந்து சொல்லப்பட்டது என்று கேட்டால் போதும்.

ஆனால் தாழியைப் பற்றி நமக்குக் கிடைத்ததிலேயே பெரிய வார்த்தை புறநானூற்றின் 256-ஆம் பாட்டுதான். பாடியவர் பெயர்கூட இல்லை. சுரம் பல கடந்து கூடவே வந்தவன் செத்துக் கிடக்கிறான். அவள் குயவனிடம் போகிறாள். ‘கலம்செய் கோவே’ என்று கூப்பிட்டுக் கெஞ்சுகிறாள்: வண்டிச் சக்கரத்தின் ஆரத்தை ஒட்டிக்கொண்ட சின்ன வெள்ளைப் பல்லி மாதிரி இவனோடு வந்தவள் நான், எனக்கும் சேர்த்துத் தாழியை அகலமாக வனைந்துவிடு.

எபிகூரஸ் என்ற கிரேக்கர் கிறிஸ்துவுக்கு முன்பே ஒரு வாதம் வைத்தார். நான் இருக்கும்வரை சாவு இல்லை, சாவு வந்தபோது நான் இல்லை, பிறகு எதற்குப் பயம் என்று. தர்க்கமாக அதில் ஓட்டை கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் இந்தப் பெண்ணிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். அவளுடைய சிக்கலே வேறு. சாவு வந்துவிட்டது, அவளும் இருக்கிறாள். இரண்டும் ஒரே நேரத்தில். தன் சாவைப் பற்றி யோசித்தவர்கள் நிறைய. அடுத்தவர் சாவுக்குப் பிறகு மிச்சமிருப்பதைப் பற்றி யோசித்த தத்துவம் கொஞ்சம். இந்தப் பாட்டை நான் அந்தக் கொஞ்சத்தில் வைப்பேன்.

மாமாவிடம் பாட்டைச் சொன்னேன். கண்ணாடிக்குக் கீழே பார்த்துக்கொண்டே, “நான் போட்ட பாலிசியில ஒருத்தனாவது தனக்குன்னு போட்டானாடே? நாமினி கட்டத்துல பேரு எழுதும்போதுதான் பேனா நிக்கும்” என்றார்.

வெள்ளி, மதுரை

மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்துக்குப் பக்கம், சொக்கப்ப நாயக்கன் தெரு. இரண்டு பக்கமும் கடைகள், அதற்கு நடுவே ரமண மந்திரம் என்ற பெயரில் ஒரு வீடு. 1896 ஜூலையில், பின்னால் ரமண மகரிஷி ஆன வெங்கடராமன் என்ற 16 வயதுப் பையன் தன் சித்தப்பாவின் இந்த வீட்டு மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தான். நோய் நொடி இல்லை. திடீரென்று சாகப்போகிறோம் என்ற பயம் வந்து அடித்தது. யாரையும் கூப்பிடவில்லை, டாக்டரிடம் ஓடவில்லை. தரையில் படுத்து, கை கால்களைப் பிணம்போல் விறைப்பாக நீட்டி, மூச்சை அடக்கி, உதட்டை இறுக்கி மூடி, சரி, செத்தாயிற்று, இந்த உடம்பைக் கொண்டுபோய் எரிப்பார்கள், அதோடு நானும் போய்விட்டேனா என்று பார்த்தான். இல்லை என்று பட்டது. அதற்குப் பிறகு அந்தப் பயம் திரும்பி வரவேயில்லை என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

இதைத் தியானம் என்பதைவிடச் சோதனை என்றே சொல்லத் தோன்றுகிறது. நாலு வருஷத்துக்கு முன்பு அப்பா செத்ததைப் பார்த்த பையன் அவன். அப்பாவின் உடம்பு அங்கே இருந்தது, அப்பா எங்கே போனார் என்ற கேள்வி உள்ளே கிடந்திருக்க வேண்டும்.

ஆறு வாரம் கழித்து வீட்டை விட்டுப் போனபோது எழுதிவைத்த சீட்டு பிரபலம். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. ஆனால் அண்ணனின் காலேஜ் சம்பளம் இன்னும் கட்டவில்லை, இரண்டு ரூபாய் இதோடு இருக்கிறது என்று கணக்கு எழுதியிருக்கிறது. மாமாவுக்கு அந்தக் கோடு பெரிதாகப் படவில்லை. இரண்டு ரூபாய்தான் பிடித்தது. “பேரை விட்டுட்டான், பாக்கியை விடலை பாத்தியா.”

ராத்திரி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே பரோட்டா. சாவைப் பற்றிப் படித்துவிட்டு வந்தால் பசி எடுக்கிறது, ஏனென்று தெரியவில்லை.

சனி, சித்தன்னவாசல்

புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர். எல்லோரும் அறிவர் கோயிலின் ஓவியத்துக்குத்தான் வருகிறார்கள். தாமரைக் குளம், மீன், யானை, பூப்பறிக்கிற ஆட்கள். நானும் பார்த்தேன், நன்றாக மங்கிக்கொண்டு வருகிறது. ஆனால் எனக்கு வேண்டியது குன்றின் மறுபக்கம் இருக்கிற ஏழடிப்பட்டம்.

மேற்குப் பக்கமாக ஏறி, முதுகைத் தாண்டி, கிழக்கு முகத்தில் செங்குத்தான பாறையோரமாக இறங்கிப் போக வேண்டும். காலை வைக்கப் பாறையில் வெட்டிய படிகள் உண்டு, இப்போது இரும்புக் கம்பி பிடித்துக்கொள்ளலாம். மதியம் ஏறினால் கம்பி கையைச் சுடும், காலையிலேயே ஏறிவிடுங்கள். மாமா பாதி வரை வந்து, “நீ போயிட்டு வந்து சொல்லு, எனக்குப் படுக்க வீட்டுல கட்டில் இருக்கு” என்று நிழலில் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே இயற்கையான குகை. தரையில் 17 கல் படுக்கைகள். வழவழவென்று தேய்த்து, தலைப்பக்கம் கொஞ்சம் உயர்த்தித் தலையணை மாதிரி விட்டிருக்கிறார்கள். இருப்பதிலேயே பெரிய படுக்கையில் தமிழ்ப் பிராமி எழுத்து. எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி என்பவருக்காகச் சிறுபோசில் இளையர் செய்து கொடுத்தது என்கிறது அது. கிறிஸ்துவுக்கு முந்தைய எழுத்து என்கிறார்கள். மற்றவற்றில் பல நூற்றாண்டு கழித்து வந்தவர்களின் பெயர்கள்: திருநீலன், திருப்பூரணன், திருச்சாத்தன். ஆயிரம் வருஷம் இந்தக் கல் காலியாக இருந்ததில்லை போலிருக்கிறது.

இங்கே படுத்தவர்கள் எல்லோரும் உண்ணாமல் உயிர்விட வந்தவர்கள் என்று கைடு போகிற போக்கில் சொல்லிவிடுவார். அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. மழைக்காலத்தில் சமண முனிவர்கள் ஊர் சுற்றக் கூடாது, ஓரிடத்தில் தங்க வேண்டும், அதற்கும் படுக்கை வேண்டும்தானே. ஆனாலும் சல்லேகனை பற்றி யோசிக்க இதைவிடத் தோதான இடம் கிடையாது.

தீராத நோய், தள்ளாத முதுமை, பெரும் பஞ்சம் என்று வந்து, அறத்தோடு வாழ இனி வழியில்லை என்றால், சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து உடம்பை இறக்கிவைப்பதுதான் சல்லேகனை. வெளியிலிருந்து பார்த்தால் தற்கொலை. உள்ளே போய்ப் பார்த்தால் அதன் சட்டதிட்டம் திகைக்க வைக்கிறது. உமாஸ்வாதி எழுதிய தத்துவார்த்த சூத்திரம் என்ற சமண நூல் இதில் வரக்கூடிய ஐந்து குற்றங்களை எண்ணிச் சொல்கிறது. இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாமே என்று ஆசைப்படுவது குற்றம். சீக்கிரம் போய்விட்டால் தேவலை என்று ஆசைப்படுவதும் குற்றம். நண்பர்களை நினைத்து உருகுவது, அனுபவித்த சுகங்களை அசைபோடுவது, இந்த நோன்புக்குக் கூலியாக அடுத்த பிறவியில் இன்னது வேண்டும் என்று கேட்பது, இவையும் குற்றம்.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. சாவை விரும்பினால் தோற்றாய். தற்கொலை செய்துகொள்கிறவர் சாவை நோக்கி ஓடுகிறார், வாழ்க்கை அவரைத் துரத்துகிறது. இங்கே ஓட்டமே கூடாது. அந்த வெறும் கல்லில் கொஞ்ச நேரம் படுத்துப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தது. மனசு என்னவோ கீழே உட்கார்ந்திருக்கிற மாமாவுக்குத் தண்ணீர் பாட்டிலை விட்டுவிட்டு வந்தோமா என்று போனது. மூன்றாவது குற்றம்.

ஞாயிறு, திருச்சி

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம் ரூம். காவிரிக்கரையில் ஓயாமரி சுடுகாடு கூப்பிடு தூரம். காலையில் அந்தப் பக்கமாக நடந்தோம். ஞாயிற்றுக்கிழமை என்று அதற்கு லீவு கிடையாது. ஒரு பக்கம் எரிவாயுத் தகன மேடை, வெளியே வேன், வேனுக்குப் பக்கத்தில் தோளில் துண்டோடு நிற்கிற ஆட்கள், டீ வாங்கிவர ஓடுகிற ஒரு பையன். மணிமேகலையில் புகார் நகரத்துச் சுடுகாட்டைச் சொல்கிற இடத்தில், எரிப்பவர், வெட்டவெளியில் போட்டுவிடுபவர், குழி தோண்டிப் புதைப்பவர், தாழ்ந்த இடத்தில் அடைப்பவர், தாழி கவிப்பவர் என்று ஐந்து வகை ஆட்கள் ஒரே இடத்தில் வந்துபோவார்கள். நம் ஊரில் இப்போது சாதிக்கு ஒரு சுடுகாடு. அந்த வரியைப் படித்தால் பொறாமையாக இருக்கிறது.

நான் திருச்சியில் இறங்கியதற்குக் காரணம் ஓயாமரி இல்லை, கோப்பெருஞ்சோழன். உறையூர் அரசன். பெற்ற பிள்ளைகளே படை திரட்டிக்கொண்டு வந்தார்கள். சண்டைக்குக் கிளம்பியவனைப் புல்லாற்றூர் எயிற்றியனார் தடுத்தார்: நீ ஜெயித்தால் யாருக்கு நாட்டை விட்டுப்போவாய், தோற்றால் பகைவன் சிரிப்பானே. அரசன் சண்டையை விட்டான். ஆற்றிடைக் குறையில், புள்ளி புள்ளியாக விழும் மர நிழலில், வடக்குப் பார்த்து உட்கார்ந்து உண்ணாமல் உயிர்விட்டான். எந்த இடம் என்று இன்று யாரும் சுட்டிக்காட்ட முடியாது. பாலத்தின் மேல் நின்று ஆற்றைப் பார்க்கலாம், அவ்வளவுதான். தண்ணீர் குறைவாக ஓடியது, நடுவில் மணல்திட்டில் நாணல்.

உட்காருவதற்கு முன்பு அவன் பாடியது புறநானூறு 214. நல்லது செய்வதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்துப் பேசுகிறான். யானை வேட்டைக்குப் போகிறவன் யானையோடும் வரலாம், காடை பிடிக்கப் போகிறவன் வெறுங்கையோடும் வரலாம். அதனால் பெரிதாகவே ஆசைப்படு. நல்வினைக்குப் பலன் உண்டென்றால் மேலுலக இன்பம் கிடைக்கலாம். அது இல்லையென்றால் மறுபடி பிறக்காமல் இருக்கலாம். மறுபிறப்பு என்பதே இல்லையென்றால்கூட, இமயச் சிகரம்போல் புகழை நட்டுவிட்டுக் குற்றமில்லாத உடம்போடு சாவது பெரிது.

அவனுக்குத் தெரியவில்லை. மேலுலகம் உண்டா, மறுபிறவி உண்டா என்று சாகப்போகிறவனுக்குத் தெரியவில்லை. தெரியாது என்று பாட்டிலேயே ஒப்புக்கொள்கிறான். மூன்று வாய்ப்புகளையும் அடுக்கி, எது உண்மையானாலும் நஷ்டமில்லாத காரியம் எது என்று பார்க்கிறான். நம்பிக்கையால் செத்தவர்கள் கதை எங்கும் உண்டு. நம்பிக்கை இல்லாமலேயே கணக்குப் பார்த்து நேராக உட்கார்ந்த ஒருவன் கதை எனக்குத் தெரிந்து அபூர்வம். மாமா இதைக் கேட்டதும் முதல்முறையாக முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார். “இவன் நம்ம ஆளு. எது நடந்தாலும் கவர் ஆகுற மாதிரி பாத்திருக்கான்.”

“வடக்கிருந்தவருக்கு நீங்க கிளைம் குடுப்பீங்களா மாமா?”

“பாலிசி எடுத்துப் பன்னிரண்டு மாசம் தாண்டியிருந்தா குடுத்துத்தான ஆவணும். ரூல் இருக்கு.”

ஆனால் நேற்றுப் பார்த்த ஐந்து குற்றங்களை வைத்து இவனுக்கு மார்க் போட்டால் பாஸாக மாட்டான். புகழ் வேண்டும் என்கிறான், பலனையும் எண்ணிப் பார்க்கிறான். அதைவிடப் பெரிய குற்றம், பக்கத்தில் ஒரு இடத்தைக் காலியாக வைக்கச் சொல்கிறான். பாண்டிய நாட்டிலிருந்து பிசிராந்தையார் வருவாராம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. சுற்றி இருந்தவர்கள் வரமாட்டார் என்றார்கள். வந்தார். வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தார். பொத்தியார் என்ற இன்னொரு புலவரும் கூட உட்கார வந்தபோது, அரசன் அவரைத் திருப்பி அனுப்பினான்: உன் மனைவி பிள்ளைத்தாச்சி, மகன் பிறந்த பிறகு வா. பொத்தியார் போய், பிள்ளை பிறந்து, திரும்பி வந்தபோது அரசன் நடுகல்லாகியிருந்தான். அந்தக் கல்லிடம்தான் இடம் கேட்கிறார்.

பட்டினி கிடந்து செத்துக்கொண்டிருக்கிறவன், இன்னொருத்தி மாசமாக இருப்பதை ஞாபகம் வைத்திருக்கிறான். சித்தன்னவாசல் படுக்கையில் இது குற்றம், உறையூர் ஆற்றங்கரையில் இதுதான் பெருமை. ஒரே செயல்: உண்ணாமல், அசையாமல் இருந்து சாவது. ஒருவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகிறார், இன்னொருவன் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு போகிறான். முனிவரின் வழி உயர்ந்தது என்றுதான் படித்தவர்கள் சொல்வார்கள். எனக்கு உறையூர்க்காரன்தான் பிடித்திருக்கிறான். அந்தப் பாண்டிய நாட்டுக்காரர் வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இரவு முழுக்க மாமாவோடு தர்க்கம். “எடம் காலியாவே இருந்திருக்கும், வேற என்ன” என்று அவர் திரும்பிப் படுத்துவிட்டார்.

திங்கள், செஞ்சி

விழுப்புரம் வழியாக வந்து சேரவே மதியம். கோட்டையைப் பார்க்கவில்லை. அதை ஏற்கெனவே எழுதாத ஆள் கிடையாது. சிங்கவரம் போகும் வழியில் திருநாதர்குன்று. ஒரே பாறையின் முகத்தில் சமணர்கள் வணங்கும் 24 தீர்த்தங்கரர்கள், வரிசைக்குப் பன்னிரண்டாக இரண்டு வரிசை. நாங்கள் போனபோது ஆள் நடமாட்டமே இல்லை. ஆட்டை மேய விட்டுவிட்டு ஒருவர் போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இங்கே ஒரு பாறையில் மிகப் பழைய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 57 நாள் உண்ணாநோன்பிருந்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை, அதாவது நோன்பிருந்து உயிர்விட்ட இடம், என்கிறது. அவ்வளவுதான் செய்தி. இன்னொன்று, காலத்தால் பிந்தியது, இளையபட்டாரர் 30 நாள் நோற்றதைச் சொல்கிறது.

சந்திரநந்திக்கு அந்த எண்ணிக்கை தேவைப்பட்டிருக்காது. இன்று எத்தனாவது நாள் என்று அவர் கேட்டிருந்தால் அதுவே ஒரு பற்று. அப்படியென்றால் எண்ணியது யார்? பக்கத்தில் யாரோ இருந்திருக்கிறார்கள். பொழுது விடிந்ததும் மூச்சு இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள், நாளை எண்ணியிருக்கிறார்கள், முடிந்ததும் கல்லில் வெட்ட ஆள் பிடித்திருக்கிறார்கள். விட்டுப் போனவரைப் பற்றி நமக்குத் தெரியவந்ததே விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒருவரால்தான். துறவின் வரலாறு முழுக்க இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

இது பழங்கதை இல்லை. 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் சல்லேகனை தற்கொலைக்குச் சமம், தண்டிக்கத்தக்கது என்றது. அதே மாதக் கடைசியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்தில் இன்றும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் நிறைய. மேல்சித்தாமூரில் அவர்களுடைய மடம் இருக்கிறது. அவர்களுக்கு இது ஏட்டு விஷயம் இல்லை. தீர்ப்பு எழுதுகிறவர்களின் சங்கடமும் எனக்குப் புரிகிறது. சாவை விரும்பாமல் சோற்றை நிறுத்தினாரா, விரும்பி நிறுத்தினாரா என்று எந்தக் கோர்ட் சாட்சி கேட்டு முடிவு செய்யும்? அதோடு, பெரியவர் தானாக நிறுத்தினாரா, வீட்டில் நிறுத்தவைத்தார்களா என்ற கேள்வியும் இருக்கிறது. மாடக்குழிக் கதையை மறக்காமல் இருந்தால் இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது.

செவ்வாய், திருவண்ணாமலை

கிரிவலம் முடிகிற பக்கத்தில் ஈசான்ய லிங்கம். அதை ஒட்டிச் சுடுகாடு. பதினாலு கிலோமீட்டர் நடந்து கால் வீங்கி வருகிறவர்கள் அந்தப் புகையைத் தாண்டித்தான் ஊருக்குள் நுழைய வேண்டும். யாரும் மூக்கைப் பொத்திக்கொள்வதில்லை.

மதுரை வீட்டிலிருந்து ஓடிவந்த பையன் 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி இங்கே வந்து சேர்ந்தான். பிறகு இந்த ஊரை விட்டுப் போகவேயில்லை. உறவை அறுத்துக்கொண்டு வந்தவர் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டு ஆசிரமத்துக்குள் போனேன். அங்கே இருப்பதே அம்மாவின் சமாதி. மகனைத் தேடிவந்து கடைசியில் மகனோடேயே தங்கிவிட்ட அழகம்மாள், 1922 மே 19 அன்று உயிர் பிரியும்வரை ரமணர் ஒரு கையை அவர் நெஞ்சிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்தபடியே பல மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மலைமேல் இருந்தவர் தினமும் இறங்கி அந்தச் சமாதிக்கு வருவார். ஒருநாள் திரும்பிப் போகவில்லை. ஆசிரமம் அப்படித்தான் அந்த இடத்தில் உண்டானது. வளாகத்துக்குள் லட்சுமி என்ற பசுவுக்குச் சமாதி இருக்கிறது, 1948-இல் செத்தது. பக்கத்திலேயே ஒரு மானுக்கும் ஒரு காக்கைக்கும் ஒரு நாய்க்கும் உண்டு. உடம்பு நான் இல்லை என்று 16 வயதில் முடிவு கட்டியவர் காக்கையின் உடம்பை மரியாதையோடு புதைக்கச் செய்திருக்கிறார். இதில் முரண் இருக்கிறதா என்று மாமாவைக் கேட்டேன். “நாமினிக்கு ரூல் கிடையாதுடே, யாரை வேணா போடலாம்” என்றார். சட்டப்படி அது சரியில்லை, விட்டுவிட்டேன்.

1949-இல் இடது கையில் புற்றுக்கட்டி. நான்கு முறை அறுவை செய்தார்கள், திரும்பத் திரும்ப வந்தது. எங்களை விட்டுப் போகாதீர்கள் என்று அழுதவர்களிடம், எங்கே போவது, இங்கேதான் இருக்கிறேன் என்று சொன்னார். 1950 ஏப்ரல் 14 இரவு முடிந்தது. கடைசி நாட்களில் அவர் ஓய்வெடுக்க வேண்டும் என்று கூட இருந்தவர்கள் சொன்னபோதும், வரிசையில் நின்று பார்க்க வந்தவர்களைத் திருப்பி அனுப்ப அவர் விடவில்லை. வெளியே காத்திருந்தவர்களின் கவலை எதுவோ அதற்குத்தான் அந்தத் தரிசனம் பதில். அவருக்குத் தேவைப்பட்டிருக்காது.

சாயங்காலம் எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது மாமா பையிலிருந்து ஒரு பேப்பரை எடுத்தார். ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார், இத்தனை நாளும் மூச்சு விடவில்லை. 2018-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த முன்கூட்டிய மருத்துவ உயில். தேறாத நிலையில் வென்டிலேட்டர் போட வேண்டாம், குழாய் வழியாக உயிரை இழுத்துப் பிடிக்க வேண்டாம் என்று சுயநினைவோடு இருக்கும்போதே எழுதிவைப்பது. முதலில் மாஜிஸ்திரேட் வரைக்கும் போக வேண்டியிருந்ததால் யாரும் அந்தப் பக்கமே போகவில்லை. 2023-இல் சுலபமாக்கினார்கள். இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி போதும். நினைவு தப்பிய பிறகு நம் சார்பில் முடிவைச் சொல்ல வேண்டிய சொந்தக்காரர் பெயரும் அதில் எழுத வேண்டும்.

அந்த இடத்தில் என் பெயர் இருந்தது.

“அத்தை பேரைப் போடாம எதுக்கு மாமா என் பேரு?”

“ஒங்க அத்தை குழாயைப் புடுங்கச் சம்மதிப்பாளாடே? செத்தாலும் விடமாட்டா.”

“நான் மட்டும் சம்மதிப்பேன்னு எப்படித் தெரியும்?”

“சம்மதிக்கணும். அதுக்குத்தான ஒன்கூட இத்தனை ஊரு அலைஞ்சேன்.”

நான் பதில் சொல்லவில்லை. அத்தைக்கு இந்தப் பேப்பர் விஷயம் தெரியுமா என்று மட்டும் கேட்டேன். தெரியாதாம். ஊருக்குப் போனதும் நான்தான் சொல்ல வேண்டுமாம். திருநெல்வேலிக்கு ராத்திரி பஸ்ஸில் இரண்டு சீட் போட்டிருக்கிறோம்.